நிலைகாப்பு நூல்: கடல் கடந்து படிக்கும் பிள்ளைகளைப் பெற்ற திருப்பூர்க்காரர்களுக்கு

பாயிரம்

நூல் செய்யப் புகுந்தவர் அதன் பெயர், அது நுவலும் பொருள், கேட்பதற்கு உரியவர், கேட்டால் விளையும் பயன் ஆகியவற்றை முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. பெயர் மேலே இருக்கிறது. மாணவர் விசாவில் வெளிநாடு போன பிள்ளை, படிப்பு முடியும் நாள்வரை அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் மாணவராகவே நீடிப்பதுதான் பொருள். விசா வாங்கும் வழி இந்நூலுக்குப் புறம்பானது. அதைச் சொல்லித்தர அவினாசி சாலை நெடுகக் கன்சல்டன்சிகள் உண்டு. விமானம் ஏறிய பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

கேட்பதற்கு உரியவர்கள் முதலில் பெற்றோர், அடுத்துத்தான் பிள்ளைகள். பத்து லைன் வைத்து ஏற்றுமதி செய்பவர், பவர்டேபிள் காண்ட்ராக்ட் எடுப்பவர், பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர், அப்பா கட்டிங் மாஸ்டராகவும் அம்மா செக்கிங்கிலும் வேலை செய்து கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிய குடும்பம், எல்லோரும் இதில் அடக்கம். தொழிலை ஒட்டிப் படிக்கப் போகிறவர்கள் லீட்ஸ், மான்செஸ்டர், லெஸ்டர், அமெரிக்காவில் ராலே நகரத்து வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், ஜெர்மனியில் மோன்ஷன்கிளாட்பாக் என்று போகிறார்கள். மற்றவர்கள் கம்ப்யூட்டர், எம்.பி.ஏ., டேட்டா சயின்ஸ் என்று எங்கும் பரவிக் கிடக்கிறார்கள்.

பெற்றோரை முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாணவர் நிலை பல பிள்ளைகளுக்கு முறியத் தொடங்கும் இடம் இங்கே, திருப்பூரில், அப்பா உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் அறையில் என்பது என் முடிவு. அதை நிறுவுவதற்கே இந்த நூல். அங்கே அது முறியாமல் பார்த்துக்கொள்வதே பயன்.

பொருள் விளக்கம்

வங்கியின் கடன் உறுதிக் கடிதமான எல்.சி.யைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இப்போது பல பையர்கள் எல்.சி. தருவதில்லை என்றாலும், அதன் சட்டம் தெரியாத ஏற்றுமதியாளர் இங்கே இல்லை. சர்வதேச வர்த்தக சபை 2007 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய யு.சி.பி. 600 விதித்தொகுப்பின் ஐந்தாம் விதி, வங்கி பார்ப்பது ஆவணத்தைத்தான், சரக்கை அல்ல என்று வரையறுக்கிறது. பனியன் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வங்கிக்கு அது தெரியாது. கடைசி ஷிப்மென்ட் தேதி தாண்டியிருந்தால் டிஸ்க்ரெபன்சி, அதாவது ஆவணக் குறை. கப்பல் ஏறி 21 நாளுக்குள் ஆவணம் வந்து சேரவில்லை என்றாலும் டிஸ்க்ரெபன்சி. இன்வாய்ஸில் ஒரு சொல் மாறியிருந்தாலும் கேள்வி வரும். இதற்காகவே ஒவ்வொரு கம்பெனியிலும் டாகுமென்டேஷன் என்று தனி மேசை போட்டு, பொறுமையான ஒருவரை உட்கார வைத்திருக்கிறோம்.

மாணவர் நிலையும் இதே இயல்புடையது. பிள்ளை நன்றாகப் படிக்கிறானா, நல்ல பிள்ளையா என்பது குடியேற்றத் துறையின் பார்வைக்கு வருவதில்லை. பதிவேட்டில் அவன் இந்தப் பருவத்தில் எத்தனை பாடம் எடுத்திருக்கிறான், எந்த முகவரியில் இருக்கிறான், எந்தத் தேதிவரை படிப்பு, எங்கே வேலை செய்ய அனுமதி என்பவைதாம் வருகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. டிஸ்க்ரெபன்சியைப் பையர் மனமிரங்கி ஏற்றுக்கொண்டு பணத்தை விடுவிப்பார். பதிவேட்டின் மறுமுனையில் அப்படிப் பழகிய பையர் யாரும் இல்லை.

அடுத்து, விசாவும் நிலையும் வெவ்வேறு. நம் வீடுகளில் “விசாதான் அஞ்சு வருசத்துக்கு இருக்குதே” என்று சொல்லி நிம்மதியாக இருக்கிறார்கள். அமெரிக்காவைப் பொறுத்தவரை பாஸ்போர்ட்டில் ஒட்டிய எஃப்-1 விசா, எல்லை வாசல்வரை போய் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே போனபின் அது காலாவதியானாலும் குற்றமில்லை. உள்ளே இருப்பதற்கான உரிமை தனியானது. வருகைப் பதிவான ஐ-94-இல், மாணவராக நீடிக்கும் காலம்வரை என்ற பொருளில் டி/எஸ் என்று மட்டும் குறித்திருப்பார்கள், தேதி இருக்காது. ஆகவே விசா 2029 வரை செல்லுபடியாக இருக்கும்போதே, ஒரு பாடத்தைச் சொல்லாமல் கைவிட்டதால் நிலை போய்விடலாம். விசா போன ஆண்டே முடிந்திருந்தும் நிலை திடமாக இருக்கலாம். தேதியில்லாத இந்த ஏற்பாட்டை மாற்றி, அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று வரம்பிட அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்ட் இறுதியில் ஒரு விதியை முன்மொழிந்தது. அங்கே பிள்ளை இருப்பவர்கள் அதைக் கவனித்துவர வேண்டும்.

இங்கிலாந்தில் தேதி உண்டு. ஆனால் அந்தத் தேதி பல்கலைக்கழகத்தின் ஸ்பான்சர்ஷிப்பைச் சார்ந்து நிற்கிறது. பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்து ஸ்பான்சர்ஷிப்பை விலக்கிக்கொண்டால், தேதி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உள்துறை அதை முன்னே இழுத்துவிடும். கையில் பிடித்துப் பார்க்க அட்டைகூட இப்போது இல்லை. குடியிருப்பு அனுமதியான பி.ஆர்.பி. அட்டைகள் 2024-ஆம் ஆண்டு முடிவோடு வழக்கொழிந்தன, எல்லாம் இ-விசா. அதன் கடவுச்சொல்லும் அதில் பதிந்த மின்னஞ்சலும் பிள்ளையின் சொந்தக் கையில் இருக்க வேண்டும். சேர்த்துவிட்ட ஏஜென்டின் மின்னஞ்சலே இன்னும் அதில் இருக்குமானால் இன்றே மாற்றிவிடுங்கள்.

பதிவேடு வந்த வழி

அமெரிக்கா இப்படிப் பதிவேடு வைத்துக் காக்கத் தொடங்கியதன் வரலாறு சுருக்கமானது. 1993-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் வெடிகுண்டு வைத்தவர்களில் ஒருவர் மாணவர் விசாவில் வந்து படிப்பை விட்டவர். அவர் எங்கே இருந்தார் என்பது அரசுக்குத் தெரியவில்லை. 1996-இல் அந்நாட்டுச் சட்டமன்றம் வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அது மெதுவாக நகர்ந்தது. 2001 செப்டம்பர் 11 வந்தது. அன்று விமானங்களை மோதவிட்டவர்களில் இருவர் மாணவராக நிலைமாற்றம் கேட்டிருந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக, அவர்கள் செத்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், ஃபுளோரிடாவில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அரசுக் கடிதம் வந்து சேர்ந்தது. அந்தக் கடிதம் கிளப்பிய கோபம் சும்மா போகவில்லை. 2003-இல் செவிஸ் என்ற கணினிப் பதிவேடு நடைமுறைக்கு வந்துவிட்டது.

வெள்ளகோவிலிலிருந்து படிக்கப் போகும் பெண் இன்று வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டியிருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. யாரோ செய்த குற்றத்தின் பாரத்தை இவள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பதிவேட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. விதியை அறிந்து வைத்துக்கொள்வதே நம்மால் ஆவது.

மணிக்கணக்கு

இந்நூலின் நடு இயல் இது. திருப்பூர்க்காரர்கள் மற்ற எதைவிடவும் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

நம் ஊரில் ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் இரவு எட்டரை, ஒன்பதுவரை ஓவர்லாக்கை விட்டு எழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தால் வருகிறவர் நல்ல தொழிலாளி. வராதவரை மேஸ்திரி மறந்துவிடுவார். இந்த ஊரின் வீடுகளும் கல்யாணங்களும் அந்தக் கூடுதல் அரை ஷிப்டில் நடந்தவை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, கூடுதல் நேரம் வேலை செய்வது குற்றம் என்பதே மனத்தில் ஏறாது. உழைப்பைச் சட்டம் தண்டிக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அங்கே தண்டிக்கிறது.

இங்கிலாந்தில் பட்டப்படிப்பிலும் அதற்கு மேலும் படிப்பவருக்கு, படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம். வாரம் என்பது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிவது. போன வாரம் 12 மணிதான் செய்தேன், இந்த வாரம் 28 செய்து சமன் செய்துகொள்கிறேன் என்பது செல்லாது. சராசரிக்கு அங்கே இடமில்லை. சம்பளமில்லாமல் செய்யும் வேலையும் கணக்கில் சேரும். ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பவர்கள் விழுகிற குழி இன்னொன்று. ஜூன் வந்துவிட்டது, வகுப்புகள் முடிந்தன, இளநிலை மாணவர்கள் எல்லாம் முழுநேர வேலைக்குப் போகிறார்கள் என்று இவர்களும் போய்விடுகிறார்கள். முதுநிலை மாணவருக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், விடுமுறை ஆகாது. ஆய்வேட்டைக் கொடுத்துப் படிப்பு முறைப்படி முடிகிற தேதிவரை அதே 20 மணிதான்.

அமெரிக்காவில் இன்னும் இறுக்கம். வளாகத்துக்குள்ளே மட்டும், படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி. வளாகத்துக்கு வெளியே, அனுமதி இல்லாமல், ஒரு மணி நேரமும் கூடாது. பெட்ரோல் பங்க், உணவகம், தெரிந்த அண்ணன் நடத்தும் கடை, கையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வது, எல்லாம் இதில் அடங்கும். கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வாரம் 24 மணி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி. ஜெர்மனியில் 2024-லிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்.

இனி, கம்பெனி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு விசேட விதி. மகன் லெஸ்டரில் படிக்கிறான். அப்பாவின் பையர் லண்டனில் இருக்கிறார். “தம்பி, ஒரு நடை போய் சாம்பிளக் குடுத்துட்டு, ரேட்டுப் பேசிட்டு வந்துரு” என்பது இங்கிருந்து போகும் சாதாரணச் சொல். வருமான வரிக் கணக்குக்காக அவனைக் கம்பெனியில் டைரக்டராகவோ பங்குதாரராகவோ ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். இங்கிலாந்து மாணவர் விசா சுயதொழிலையும் வணிக நடவடிக்கையையும் தடை செய்கிறது. டைரக்டராக இருக்கும் நிறுவனத்துக்கோ, 10 விழுக்காடும் அதற்கு மேலும் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ அங்கிருந்து வேலை செய்வது அந்தத் தடைக்குள் வரும். நாம் குடும்பக் கடமை என்று நினைப்பது அங்கே விசா நிபந்தனை மீறல். சாம்பிளைக் கூரியரில் அனுப்புங்கள். ரேட்டை நீங்களே பேசுங்கள்.

கேடு

நிலை அழியும் வழிகளில் பாதி, தேதியை மறப்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் மாணவருக்குத் தரும் ஐ-20 தாளில் படிப்பு முடியும் தேதி இருக்கிறது. ஆய்வு நீண்டுவிட்டது என்றால் அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் நிலை போயிருக்கும். பாடச்சுமையைக் குறைக்க வேண்டுமா, முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரான டி.எஸ்.ஓ.விடம் அனுமதி, பிறகுதான் பாடத்தைக் கைவிடுவது. உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவச் சான்றோடு கேட்டால் அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்காமல் விட்டால் அதே காய்ச்சல் மீறலாகப் பதிவாகிறது. முன் அனுமதி என்ற ஒன்றை விளங்கிக்கொண்டவருக்கு இந்த இயலில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மற்ற வழி, படிப்பே பொய்யாக இருப்பது. கலிஃபோர்னியாவில் டிரை-வேலி என்றொரு பல்கலைக்கழகம், வகுப்பே நடத்தாமல் தாள்களை விற்றது. 2011 ஜனவரியில் சோதனை நடந்தபோது அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சேர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் அன்றைய ஆந்திரத்துப் பிள்ளைகள். சிலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டினார்கள். நடத்தியவருக்குப் பிறகு 16 ஆண்டுகளுக்கு மேல் சிறை. அடுத்து வந்தவை விசித்திரமானவை. நியூஜெர்சியில் ஒன்றும், மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற பெயரில் இன்னொன்றுமாக, அமெரிக்க அரசே தரகர்களைப் பிடிக்கப் பொய்ப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கியது. 2019 ஜனவரி இறுதியில் ஃபார்மிங்டனில் சேர்ந்ததற்காக முதலில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர். வகுப்பு இல்லாமலே நிலையைக் காக்கலாம், முதல் நாளிலிருந்தே முழுநேர வேலைக்குப் போகலாம் என்று எவர் சொன்னாலும், அவர் தூரத்துச் சொந்தமாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம்: விதிப்படி நடந்தவர்களும் பாதிக்கப்பட்டிருக்கிறார்களே? உண்மை. 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமத்தை இங்கிலாந்து அரசு பறித்தபோது, ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் வேறிடம் தேடி அலைந்தார்கள். 2014-இல் அதே நாட்டு விசாவுக்கான ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்தது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளிவந்தது. அதன்பின் தேர்வு நடத்திய நிறுவனம், எழுதப்பட்ட சுமார் 58,000 தேர்வுகளில் 97 விழுக்காட்டை ஐயத்துக்குரியவை என்றது. நேர்மையாக எழுதியவர்கள் தங்கள் நேர்மையை நிரூபிக்கப் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றார்கள். 2025-இல் அமெரிக்கா சுமார் 13 லட்சம் மாணவர் பெயர்களைக் குற்றப் பதிவுக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தி வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோரின் செவிஸ் பதிவை ஏப்ரலில் நீக்கியது. அவர்களில் போக்குவரத்து அபராதம் மட்டும் கட்டியவர்களும், தள்ளுபடியான பழைய வழக்கில் பெயர் இருந்தவர்களும் உண்டு. இந்தியப் பிள்ளைகள் நிறைய.

தடைக்கு விடை, அந்த ஏப்ரலில் அடுத்து நடந்ததில் இருக்கிறது. மாணவர்கள் ஊர் ஊராக நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் ஒருவர்பின் ஒருவராக இடைக்காலத் தடை விதித்தார்கள். ஏப்ரல் 25 அன்று அரசு பின்வாங்கிப் பதிவுகளைத் திரும்பச் சேர்ப்பதாக நீதிமன்றத்தில் சொன்னது. ‘நான் முழுப் பாடம் எடுத்தேன், அனுமதியில்லாமல் வேலை செய்யவில்லை, இதோ தாள்’ என்று எடுத்து வைக்க முடிந்தவருக்கு அங்கே நிற்க ஓர் இடம் இருந்தது. விதியைக் காப்பது அநியாயத்தைத் தடுக்காது. அநியாயம் வந்தபின் எதிர்த்து நிற்க அது ஒன்றே தரை.

அயலார்

ஒரு சிறு கிளைச் செய்தி. நம் ஊரும் இந்த விதிகளின் மறுபக்கத்தில் இருக்கிறது. காதர்பேட்டையில் மிஞ்சிய சரக்கும் செகண்ட்ஸும் வாங்கி அனுப்பும் நைஜீரியர்களை நமக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். விசா முடிந்தும் தங்கியதாக அவர்களில் சிலர் இங்கே பலமுறை கைதாகியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்படி, காலம் கடந்து தங்குவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்லூரியும், அயல்நாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரும் தகவல் தர வேண்டும். ராயபுரம் பக்கம் அறை வாடகைக்குக் கேட்டு வரும் ஆப்பிரிக்க இளைஞனைப் பார்த்ததும் நம்மில் பலர் முகத்தில் வருகிற ஐயம், நம் பிள்ளை லெஸ்டரில் ஏறி இறங்கும் வாசல்களிலும் காத்திருக்கிறது. அந்த இளைஞனுக்கும் எங்கோ ஓர் அம்மா இருக்கிறாள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

மீட்பு

நிலை போனபின் மீள வழி உண்டா? குறுகலாக உண்டு. அமெரிக்காவில், நிலை போன ஐந்து மாதத்துக்குள், டி.எஸ்.ஓ. பரிந்துரையோடு, ஐ-539 படிவத்தில் மறுசேர்க்கை கேட்கலாம். மீறல் தன் கைக்கு மீறிய காரணத்தால் நடந்தது என்பதைக் காட்ட வேண்டும். அனுமதியில்லாத வேலை செய்தவருக்கு இந்தக் கதவு திறக்காது. மணிக்கணக்கு இயலை நடுவில் வைத்தது இதற்காகத்தான். பாடம் குறைந்ததைச் சரிசெய்யலாம், பெட்ரோல் பங்கில் நின்றதைச் சரிசெய்ய முடியாது. மற்றொரு வழி, வெளியேறி, புது ஐ-20 வாங்கி, புதிதாக நுழைவது. விசா அதிகாரி என்ன சொல்வார் என்பது அப்போது அவர் கையில்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பொய் சொல்லக் கூடாது. மணி மீறியதைவிடப் பெரிய குற்றம், மீறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. அமெரிக்கச் சட்டத்தில் உண்மையைத் திரித்து விசாவோ நுழைவோ பெற முயன்றவருக்கு, விலக்குக் கிடைத்தால் ஒழிய, வாழ்நாள் தடை. இங்கிலாந்தில் ஏமாற்றுக்குப் பத்து ஆண்டுத் தடை வரலாம். விதி தெரிந்த வழக்கறிஞரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஏஜென்டிடம் போகாதீர்கள்.

பணம்

பாயிரத்தில் சொன்ன முடிவுக்கு வருகிறேன்.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். சிலர் ஏற்கெனவே தைத்து முடித்த சரக்குக்குத் தள்ளுபடி கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. டாலரில் விற்பவருக்கு அது லாபம் என்பார்கள். ஆர்டர் இல்லாதவருக்கு டாலரில் ஃபீஸ் கட்டுவது மட்டுமே மிச்சம். ஒரே அடி, ஒரே வீட்டில், வரவிலும் செலவிலும் விழுந்தது.

இப்போது அந்த வீட்டின் தொலைபேசியைக் கேளுங்கள்.

“ஆர்டரெல்லாம் எப்படிப்பா இருக்குது?”

“அதெல்லாம் நல்லாத்தான் போகுது கண்ணு. நீ படிக்கிறதப் பாரு.”

பிள்ளை முட்டாள் இல்லை. செய்தி பார்க்கிறான். அம்மாவின் குரலைக் கேட்கிறான். மாதா மாதம் வரும் பணம் பத்து நாள் தள்ளி வருவதைப் பார்க்கிறான். அப்பா சொல்லவில்லை என்பதாலேயே அவனும் கேட்பதில்லை. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். அடுத்த வாரம் அவன் தெரிந்தவர் கடையில் இரவு நேரத்துக்கு நிற்கத் தொடங்குகிறான். இதை ஒழுக்கக்கேடு என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஊர் அவனுக்குக் கற்றுத்தந்த அன்பு இது. அவனுடைய நிலை அன்றிரவு முறிகிறது.

இத்தனைக்கும் அமெரிக்கச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. எஃப்-1 மாணவர் ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருந்து, நல்ல மதிப்பெண்ணோடு முழுப் பாடமும் எடுத்துவந்தால், எதிர்பாராத கடும் பொருளாதார நெருக்கடிக்காக வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி கேட்கலாம். வளாகத்துக்குள் வேலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த வேலையின் வரும்படி போதவில்லை என்றும் காட்ட வேண்டும். எவை நெருக்கடி என்று விதியே எடுத்துக்காட்டுகள் தருகிறது. பணமதிப்பு பெரிதாக ஏறி இறங்குவது அதில் உண்டு. மாணவருக்குப் பணம் தருபவரின் நிதிநிலை எதிர்பாராமல் மாறுவதும் உண்டு. 2025-இன் திருப்பூர் இரண்டையும் அனுபவித்தது. டி.எஸ்.ஓ. பரிந்துரை, ஐ-765 படிவம், குடியேற்றத் துறையின் அனுமதி அட்டை. கையில் அட்டை வந்தபின் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணிவரை, சட்டப்படி, வெளிச்சத்தில் நின்று வேலை செய்யலாம். அட்டை வர மாதங்கள் ஆகும் என்பதால் முதல் தவணை தாமதமாகும்போதே தொடங்க வேண்டும். முதலாண்டு மாணவருக்கு இது இல்லை. இங்கிலாந்தில் இப்படிக் கூடுதல் மணிக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஃபீஸைத் தவணையாக்கவோ, நெருக்கடி நிதி தரவோ பல்கலைக்கழகங்களால் முடியும். கெடு தாண்டுவதற்கு முன் கேட்டால்.

விண்ணப்பத்துக்குச் சான்று வேண்டும். பிள்ளையிடம் அது ஒன்றும் இருக்காது. அத்தனையும் இங்கே இருக்கிறது: ரத்தான பர்ச்சேஸ் ஆர்டர், தள்ளுபடி கேட்டுப் பையர் எழுதிய மின்னஞ்சல், இரண்டு ஆண்டு ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், ஆடிட்டர் கடிதம். சம்பளத்துக்குப் போகும் குடும்பம் என்றால் வேலை நாள் குறைந்ததைக் காட்டும் சம்பளச் சீட்டும், கம்பெனி தரும் ஒரு கடிதமும். நஷ்டத்தை ஊரறியாமல் மறைப்பது தொழிலில் பழக்கமாகிவிட்ட ஒன்று. பேர் கெட்டால் நூல்காரர் கடன் தரமாட்டார். அது சரிதான். ஆனால் பிள்ளை நூல்காரர் இல்லை. இன்று மாலை டாகுமென்டேஷன் மேசையில் இருப்பவரிடம் சொல்லி அவற்றை ஸ்கேன் செய்து அவனுக்கு அனுப்புங்கள். அனுப்பிய பிறகு கூப்பிட்டு, ஆர்டர் எத்தனை குறைந்தது, எந்த மாதம்வரை பணம் அனுப்ப முடியும், எந்த மாதத்திலிருந்து முடியாது என்று தொகையோடு சொல்லுங்கள். திங்கள்கிழமை அவன் டி.எஸ்.ஓ. அறைக்குப் போவதற்குள் அந்தத் தொகை அவனிடம் இருக்க வேண்டும்.